கயத்தாற்றைக் கடைசியில் வையுங்கள்: ஒரு நாள் கட்டபொம்மன் கார் சுற்று, ஒரு மதிப்புரை

திருநெல்வேலி ஜங்ஷனிலோ வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையத்துப் பக்கமோ வாடகைக் கார் வைத்திருப்பவர்களிடம் "கட்டபொம்மன் இடமெல்லாம் பார்க்கணும் அண்ணாச்சி" என்றால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும். கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், இருட்டுவதற்குள் வீடு. எந்த ஒரு டிராவல்ஸையும் குறிவைத்து எழுதியது அல்ல இது. பெரும்பாலும் எல்லாரும் ஓட்டுகிற பாதை இதுதான் என்பதால் அந்தச் சுற்றையே மதிப்பிடுகிறோம்.

வண்டி, டிரைவர், நேரம் மூன்றிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. வரலாற்றில்தான் சிக்கல். தூக்கில் தொங்கியவரைப் பற்றி நாள் முழுக்கக் கேட்கலாம். தூக்கில் போட்டவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டால் எல்லாரும் "வெள்ளைக்காரத் துரை" என்ற ஒரே ஆளாகிவிடுவார்கள். அந்தத் துரைமாரில் ஒருவர் பிரபு, கர்னல், இருபது வருஷம் எம்.பி. இன்னொருவர் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்ட மேஜர் பானர்மேன், பிறகு லண்டனில் எம்.பி., கடைசியில் பினாங்கு கவர்னர். இது தெரியாமல் கயத்தாற்றில் போய் நின்றால், சிலை பார்த்த கணக்குதான்.

முதலில் பாதை. கயத்தாறு நாலுவழிச் சாலையில், ஊரிலிருந்து முப்பது கி.மீ.க்குள் இருக்கிறது. டிரைவர்களுக்குக் காலை முதல் வேலையாக அதை முடிப்பது வசதி. ஆனால் கயத்தாற்றுத் தூக்கு 1799 அக்டோபர் 16-இல் நடந்தது, பாஞ்சாலங்குறிச்சித் தாக்குதல் செப்டம்பர் 5-இல் நடந்தது. காலை ஒன்பதுக்கு ஆளைத் தூக்கில் போட்டுவிட்டு, மதியம் இரண்டுக்கு அவர் கோட்டையைக் காப்பாற்றுவதைப் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதன் பலனை உடனே காண்பார்கள்: எட்டயபுரம் வந்ததும் "அப்போ அவரு செத்துட்டார்லா, பிறகு எதுக்கு இங்க?" என்று கேள்வி வரும்.

பாதையைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். பாளையங்கோட்டை, மணியாச்சி வழியாக ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம், திரும்ப எட்டயபுரம், கோவில்பட்டி, கயத்தாறு, வீடு. ஏறக்குறைய 200 கி.மீ. வரும். காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும். "ஏழு, ஏழரை" என்பார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏழரைக்குக் கிளம்பினால் பாஞ்சாலங்குறிச்சியின் வெட்டவெளியில் பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளக்கும்.

காசுக் கணக்கு இப்படி. லோக்கல் பேக்கேஜ் என்றால் பொதுவாக 8 மணி நேரம், 80 கி.மீ.; இந்தச் சுற்றுக்கு அது ஆகாது. வெளியூர் கணக்கில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று பல பேர் வைத்திருக்கிறார்கள். ஓடாவிட்டாலும் 250-க்குக் கொடுத்தாக வேண்டும். கி.மீ.க்கு 14 ரூபாய் கேட்டால் 3,500, அதோடு டிரைவர் பேட்டா. வழக்கமான பாதையில் நாகலாபுரம் கிடையாது. "அது சுத்து சார்" என்பார்கள். சுத்துதான், ஆனால் அதைச் சேர்த்தாலும் 250-ஐத் தாண்டாது. ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட தூரம் அது. ஏறும்போதே மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிலிருந்து செட்டுக்குக் கணக்கா, வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்கா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பாதி மனக்கசப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாளையங்கோட்டையை எந்த டிரைவரும் இந்தச் சுற்றில் சேர்ப்பதில்லை. உள்ளூர்தானே என்கிற அலட்சியம். ஆனால் கும்பெனிப் படை தங்கியிருந்தது இங்கே. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூடுதல் படை போனதும் இங்கிருந்துதான். கோட்டை இடிந்துபோய் வாசல் பகுதிகளில் மிச்சம் இருக்கிறது. மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்லும் கட்டடம் அந்தக் கோட்டை வாசல்தான். பக்கத்தில் கிளாரிந்தா என்ற அம்மையார் கட்டிய சிறு கிறிஸ்தவ ஆலயம், ஊர்ப் பேச்சில் பாப்பாத்தி அம்மாள் கோயில், 1785-இல் எழுந்தது. பானர்மேன் படை கிளம்பியபோது அது பதினான்கு வருஷத்துக் கட்டடம். அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம். காலை ஏழுக்கு முன் என்றால் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும்; ஒன்பதுக்கு மேல் ஸ்கூல் வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

மணியாச்சி வழியே போகும்போது காரிலேயே சொல்லி முடிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. டிரைவர் சொல்ல மாட்டார், குழுவில் யாராவது ஒருவர் படித்துக்கொண்டு வர வேண்டும்.

அடிக்கடி நடக்கும் முதல் தவறு "ராபர்ட் கிளைவ்தான் உத்தரவு போட்டான்" என்பது. ராபர்ட் கிளைவ் 1774-இலேயே செத்துப்போனார். 1799-இல் மதராஸ் கவர்னராக இருந்தவர் அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ். 1754-இல் பிறந்தவர். அப்பா இறந்த அதே 1774-இல், இருபது வயதில், லட்லோ தொகுதிக்கு எம்.பி. ஆனார். அப்பாவிடமிருந்து வந்தது அயர்லாந்துப் பிரபுப் பட்டம் என்பதால் மக்களவையில் உட்கார அது தடையாக இல்லை. 1794 வரை அந்தத் தொகுதி அவருடையதுதான். அந்த வருஷம் பிரிட்டன் பிரபுப் பட்டமும் கிடைத்து மேலவைக்குப் போனார். ஷ்ராப்ஷயர் மிலிஷியாவுக்குக் கர்னல். மிலிஷியா என்பது உள்நாட்டுக் காவலுக்கு வைத்த படை. கர்னல் பட்டத்தைப் பார்த்து யுத்தம் கண்டவர் என்று எண்ண வேண்டாம். 1798 ஆகஸ்டில் மதராஸ் வந்தார், 1803 ஆகஸ்டில் போனார். அந்த ஐந்து வருஷத்துக்குள் திப்பு, கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் எல்லார் கதையும் முடிந்துவிட்டது. 1801 ஜூலை 31-இல் கர்நாடக நவாபின் ஆட்சி முழுக்கக் கும்பெனி கைக்கு வந்தது. டிசம்பர் 1-இல் பாளையக்காரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற பிரகடனம் இவர் பெயரில் வெளியானது. ஊருக்குத் திரும்பியதும், 1804-இல் பவிஸ் ஏர்ல் ஆனார். மனைவி ஹென்ரியெட்டாவின் குடும்பப் பட்டம் அது. மைத்துனர் வாரிசில்லாமல் இறந்ததால் இவருக்காக மறுபடி உருவாக்கப்பட்டது. 85 வயது வரை இருந்து 1839-இல் இறந்தார்.

இந்த மனிதர் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து நின்று தூக்குப் போடவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் ராஜாஜி மண்டபம் போகலாம். திப்புவை வென்றதைக் கொண்டாட அவர் காலத்தில் எழுப்பிய விருந்து மண்டபம் அது, 1802-இல் முடிந்தது. திப்புவின் கூடாரமும் சிம்மாசனத்துப் புலித் தலை ஒன்றும் இன்றைக்கும் வேல்ஸில் அந்தக் குடும்பத்தின் பவிஸ் கோட்டையில் இருக்கின்றன.

இரண்டாவது தவறு ஜாக்சனையும் பானர்மேனையும் குழப்புவது. சினிமாவில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் வரி வசனம் ஜாக்சனைப் பார்த்துப் பேசுவது. ஜாக்சன் கலெக்டர், சிப்பாய் அல்ல. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். ஜாக்சன் பதவியை இழந்தார். அடுத்து வந்த கலெக்டர் லூஷிங்டன். பானர்மேன் பட்டாளத்து மேஜர், 1799-இல்தான் கதைக்குள் வருகிறார். 1801-இல் ஊமைத்துரையோடு மோதியவர்கள் பட்டாள அதிகாரிகளான மெக்காலேயும் அக்னியூவும். அப்போது பானர்மேன் இங்கே இல்லை. ஐந்து பெயர்தான். ஒரு துண்டுத் தாளில் வருஷத்தோடு எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டால் நாள் முழுக்கக் குழப்பம் வராது.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் சேர்க்கலாம். லூஷிங்டன், பானர்மேன், மெக்காலே மூன்று பேருமே பிறகு லண்டன் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தவர்கள். லூஷிங்டன் ரை, கான்டர்பரி தொகுதிகளுக்கு. பின்னால் 1827 முதல் 1832 வரை மதராஸ் கவர்னரும் அவரே. மெக்காலே 1826-இல் சால்டாஷுக்கு. பானர்மேன் 1807-இல் பிளெச்சிங்லிக்கு, அதுவும் கொஞ்ச காலமே. பிளெச்சிங்லி என்றால் சர்ரேயில் ஒரு கிராமத்தளவு ஊர். ஓட்டு ஆளுக்கு இல்லை, குறிப்பிட்ட மனைகளுக்கு. மனைகளை வாங்கி வைத்திருப்பவர் சொல்கிற ஆள் எம்.பி. சால்டாஷும் கிட்டத்தட்ட அதே ரகம். 1832 சீர்திருத்தச் சட்டம் இரண்டு தொகுதியையும் ஒழித்துவிட்டது. இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்கள் வசதியான வாசல்.

ஒட்டப்பிடாரம் வந்ததும் வ.உ.சி. பிறந்த வீட்டைப் பார்க்கலாம், இருபது நிமிடம் போதும். பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய தேதி செப்டம்பர் 5. எழுபத்து மூன்று வருஷம் கழித்து, 1872-இல், அதே செப்டம்பர் 5-இல் வ.உ.சி. பிறக்கிறார், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில். அந்தத் தேதியில் போனால் இரண்டு இடத்திலும் அரசியல் கட்சிக் கார்கள் வரிசை கட்டும். வேறு நாள் பாருங்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். டிரைவர்கள் முக்கால் மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். ஏனென்றால் அவர்கள் கணக்கில் பார்க்க வேண்டியது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை மட்டும்: உள்ளே சிலை, சுவர் ஓவியம், வெளியே போட்டோ, முடிந்தது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: 1799-இல் இருந்தது இப்படிப்பட்ட கோட்டை அல்ல. உயர்ந்த வாசலும் கொத்தளமும் பார்த்துவிட்டு "இதையா பீரங்கி வைத்து இடிக்க முடியவில்லை?" என்று பிரமிப்பவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய கோட்டை மண்கோட்டை. 1801-இல் பார்த்த கும்பெனி அதிகாரிகளின் விவரிப்பில் இரண்டு பக்கம் ஏறக்குறைய 500 அடி, மற்ற இரண்டு பக்கம் 300 அடி, சுவர் உயரம் 12 அடி அளவு, சுற்றிலும் முள்வேலி. அதன் பலமே மண்தான். கல் சுவரில் குண்டு பட்டால் விரிசல் ஓடிச் சரியும். நன்றாகப் பிசைந்து இறுகிய மண்சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும். சரிந்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாக மண் குழைத்து அடைத்துவிடலாம். கொத்தனார் வேண்டாம், சம்மட்டி வேண்டாம், ஊர்ச் சனம் போதும். 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை ஆட்கள், இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பியது இப்படித்தான்.

அளவு மனதில் ஏற ஒரு வழி. நினைவுக் கோட்டையை விட்டு வெளியே வந்து, தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருக்கும் பழைய அரண்மனை அடித்தளப் பக்கம் போய், திறந்த தரையில் நேராக 200 எட்டு எடுத்து வையுங்கள். சாதாரண நடையில் ஓர் எட்டு இரண்டரை அடி. 200 எட்டு, 500 அடி. அங்கிருந்து செங்கோணமாக 120 எட்டு. அவ்வளவுதான் அந்தக் கோட்டை. இந்தச் சின்ன இடத்தை 1799 செப்டம்பர் 5-இல் பானர்மேனின் முதல் தாக்குதல் பிடிக்க முடியவில்லை. ஐரோப்பிய அதிகாரிகள் சிலர் செத்தார்கள், பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வரவழைக்க வேண்டியிருந்தது. அது வந்து சேரும் சமயத்தில் கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வடக்கே போய்விட்டார். 1801 மார்ச் 31-இல் மெக்காலேயின் தாக்குதலும் தோற்றது. அக்னியூ வந்து மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. பிறகு இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள்.

வெள்ளைக்காரக் கல்லறைகள் ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இருக்கின்றன. இவற்றைத்தான் டிரைவர்கள் கட்டாயம் தவிர்ப்பார்கள், "அங்க ஒண்ணும் இல்ல சார்" என்று. பானர்மேன் கதைக்கு இந்தச் சுற்றில் கையால் தொடக்கூடிய ஒரே சாட்சி அதுதான். உள்ளூரில் "வெள்ளைக்காரன் கல்லறை எங்க இருக்கு?" என்று கேட்டால் வழி சொல்வார்கள், மேப்பை நம்ப வேண்டாம். கரிசல் மண். மழை பெய்த இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் காரை இறக்கவே கூடாது, டயரில் அப்பி, மட்கார்டில் அடைத்து, வண்டி இருந்த இடத்திலேயே சுற்றும். தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ரப்பர் செருப்பு மண்ணிலேயே தங்கிவிடும், ஷூ நல்லது. சீமைக்கருவேல முள் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், அதற்கும் ஷூதான்.

வீரசக்கதேவி கோயிலில் தரிசனம் முடித்துக்கொள்ளலாம். மே மாதத் திருவிழாச் சமயத்தில் மட்டும் இந்தச் சுற்றைத் திட்டமிடாதீர்கள். தடை உத்தரவு, வாகனச் சோதனை, வெளி மாவட்ட வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்று இருக்கும். நெல்லை வண்டியும் அங்கே வெளி மாவட்டம்தான், 1986-இல் தூத்துக்குடி தனியாகப் பிரிந்ததிலிருந்து.

குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். எட்டயபுரம் வரும்வரை நல்ல சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். காலை டிபன் பாளையங்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள்.

எட்டயபுரத்தில் எல்லா வண்டியும் பாரதி வீட்டு வாசலில் நிற்கும். நிற்கட்டும். இந்தச் சுற்றுக்கு வேண்டியது எட்டயபுரம் பாளையம். கும்பெனி பக்கம் நின்று கட்டபொம்மனைத் துரத்தியதில் முன்னால் இருந்தது அது. பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தைப் பங்கு போட்டபோது எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை மூன்றுக்கும் கிடைத்தது. காலையில் மணியாச்சி வழியே வந்தது நினைவிருக்கும். வாங்கிய நிலத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். இதை எட்டயபுரத்துக் கடைவீதியில் சத்தமாகப் பேசாமல் காருக்குள் பேசுவது நல்லது, இன்றைக்கும் சூடு ஆறாத விஷயம்.

நாகலாபுரத்துக்கு மேப்பில் பெயரை மட்டும் அடித்தால் ஆந்திராவில் உள்ள நாகலாபுரத்துக்கு வழி காட்டும். "விளாத்திகுளம் தாலுகா" என்று சேர்த்து அடியுங்கள். 1799 செப்டம்பர் 13-இல் கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கில் போட்ட ஊர் இது. கோலார்பட்டிச் சண்டையில் பிடிபட்டவர். பெரிய நினைவுச்சின்னத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் போக வேண்டும். கயத்தாற்றில் நடந்தது திடீர்க் கோபத்தில் நடந்தது அல்ல என்பது இங்கேதான் புரியும். ஒரு மாதத்துக்கு முன்பே, தலைவர் தப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய பிரதானியைத் தூக்கில் போட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் வைத்துவிட்டார் பானர்மேன். மதராஸ் அரசு அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் அப்படி. படை நடத்துவது, விசாரிப்பது, தண்டிப்பது மூன்றும் ஒரே கையில். அந்த வருஷம் மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கும்பெனிக்குத் தெற்கே அனுப்பப் படை மிச்சம் இருந்தது. முந்தின வருஷம் ஜாக்சன் தனியாகச் செய்ய முடியாததை 1799-இல் பானர்மேன் செய்ததற்குக் காரணம் அதுதான்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் வருவதில்லை. 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. வெயிலில் காரின் பின்பக்கக் கண்ணாடி ஓரம் வைத்தால் பாகு இளகி ஒட்டிக்கொள்ளும், சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

கயத்தாற்றுக்கு நாலரை மணி சரியான நேரம். டிரைவர் நாலுவழிச் சாலையிலேயே வேகமாக வந்தால் இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டு யூ-டர்ன் தேடுவார். ஊர் வருமுன்பே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: மதுரை பைபாஸ் வண்டிகள் கயத்தாற்றில் நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி 1970-இல் வைத்த சிலை, பிறகு அரசு கட்டிய மணிமண்டபம் எல்லாம் இங்கே இருக்கின்றன. தூக்குப் போட்ட புளியமரம் இல்லை. "இதுதான் அந்த மரம்" என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இங்கே செய்ய வேண்டிய ஒரு காரியம், பானர்மேன் மறுநாள், அக்டோபர் 17-இல், மதராஸுக்கு எழுதிய கடிதத்தை வாசிப்பது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அது இருக்கிறது. பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கும் குறைவு, சத்தமாக வாசிக்க மூன்று நிமிடம். விசாரணை முழுக்கக் கட்டபொம்மன் அஞ்சாமலும் இறுமாப்போடும் நின்றார் என்கிறது கடிதம். தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு அடிக்கடி பார்த்தார். தூக்குமரத்துக்குப் போகும் வழியில் இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டே உறுதியாக நடந்தார். வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடியில் வந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தினார், அங்கேயே சண்டையிட்டுச் செத்திருக்கலாம் என்று. சினிமா வசனம் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. காரணம், இது எதிரி எழுதியது. புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை, மேலதிகாரிக்கு அனுப்பும் அலுவல் கடிதம். கடைசி இரண்டு விஷயங்களையும் தன்னிடம் சொன்னார்கள் என்றே எழுதுகிறார், கண்ணால் கண்டதாக எழுதவில்லை. அந்த நேர்த்தியையும் கவனிக்க வேண்டும்.

காலையில் வழக்கமான பாதையில் கயத்தாறு வருகிறவர்களுக்கு இந்தக் கடிதம் பாதிதான் விளங்கும். எட்டயபுரம் யார் என்று தெரியாது, "கோட்டையை விட்டு வந்ததற்கு" என்றால் எந்தக் கோட்டை என்று தெரியாது. 120 எட்டு நடந்துவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும்.

பானர்மேனின் மீதிக் கதையை வீடு திரும்பும் வழியில், கங்கைகொண்டான் வருவதற்குள் முடித்துவிடலாம். 1808-இல் கும்பெனி இயக்குநர்களில் ஒருவரானார். 1817-இல் பினாங்கு கவர்னர். 1819 தொடக்கத்தில் கும்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி நாட்டியபோது, அங்கே காவலுக்கு நின்ற ஃபார்குவார் துருப்பு கேட்டார். டச்சுக்காரர்களோடு வம்பு வரும் என்று அனுப்ப மறுத்தார் பானர்மேன். பாஞ்சாலங்குறிச்சியில் முதல் தாக்குதல் தோற்றவுடன் பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்பிப் படை கேட்டவர், இருபது வருஷம் கழித்துப் படை கேட்டவருக்கு இல்லை என்றார். அந்த வருஷம் ஆகஸ்ட் 8-இல் பினாங்கிலேயே இறந்தார். ஜார்ஜ் டவுனில் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில், பினாங்கில் கும்பெனிக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் கிடக்கும் அதே இடத்தில், அவரும் கிடக்கிறார். கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பினாங்கில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. போகிறவர்கள் ஒரு மாலை ஒதுக்கினால் அதையும் பார்த்துவிடலாம். அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது, கொசுவுக்குத்தான் மருந்து கொண்டுபோக வேண்டும்.